இடுப்பளவு கடலில் ஒரு பெண்: கிரீன் பாத்தில் வாங்கிய நீர்வண்ணப் படம்

கடலில் ஆள் நிற்கும் படத்தைக் கண்டால் என் கண் நேரே போவது தண்ணீர் உடம்பைத் தொடும் இடத்துக்கு. கொழும்பில் பிள்ளைகளுக்கும், வயது போன பிறகு ஆசை வந்த பெண்களுக்கும் நீச்சல் பழக்குகிறவள் நான். தண்ணீருக்குள் இறங்கிய உடம்பு எப்படி நிற்கும், எங்கே பயப்படும், எங்கே இளகும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் தொழில். அந்தக் கண்ணோடு போனால், ஓவியர்கள் படம் விற்கும் கொழும்பு கிரீன் பாத் வீதியின் நடைபாதையில் தொங்கும் கடல் படங்களில் அநேகமானவை தேறாது. ஆளைக் கத்தரித்து நீலத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள். இடுப்புக்குக் கீழே அந்த மனிதருக்குக் கால் இருக்கிறது என்ற நினைப்பே வரைந்தவருக்கு இருந்திராது.

நான் வாங்கியது தேறிய படம். 11க்கு 15 அங்குலம், அதாவது 22க்கு 30 அங்குல முழுத் தாளில் கால்வாசி. கைப்பட வரைந்த நீர்வண்ணம், பிரதி அல்ல. வரைந்தவரே விற்றார், 18,000 ரூபாய் சொன்னார், 16,000க்குத் தந்தார். பிரேம் இல்லாமல் அந்த விலை. பிரேம் கதை தனிக் கதை, பிறகு வருகிறேன்.

படத்தில் இருப்பது ஒரு பெண். முதுகு எங்களுக்கு, முகம் கடலுக்கு. தொப்புள் மட்டத்துக்குத் தண்ணீர். பூப்போட்ட சிவப்புச் சட்டையோடு இறங்கியிருக்கிறாள். இது எனக்கு முதல் சந்தோஷம். வெள்ளவத்தையிலோ காலிமுகத்திடலிலோ பின்னேரம் கடலில் இறங்கும் எங்கள் பெண்கள் நீச்சலுடையிலா இறங்குகிறார்கள்? சுடிதாரோடு, வீட்டுச் சட்டையோடு, சில வேளை சேலையோடு. அதை வரைய ஒருவருக்கும் தோன்றாது. வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்து வரைந்த ஒல்லிப் பெண்கள்தான் நடைபாதை முழுக்க நிற்பார்கள்.

சட்டையை அவர் வரைந்திருக்கும் விதம்தான் என்னை நிறுத்தியது. உடுப்போடு தண்ணீரில் இறங்கும்போது துணிக்குள் காற்று அகப்படும். கொஞ்ச நேரத்துக்குத் துணி உப்பி மிதக்கும், பிறகு காற்று வெளியேறி ஈரத்துணி காலைச் சுற்றி இழுக்கும். உடுப்போடு விழுந்தால் என்ன செய்வது என்று வகுப்பில் பழக்கும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். இந்தப் படத்தில் சட்டையின் இடது பக்கம் இன்னும் உப்பி நிற்கிறது, வலது பக்கம் அலை அடித்து உடம்போடு ஒட்டிவிட்டது. இறங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்காது என்று எனக்குத் தெரிகிறது. அதோடு தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் துணி நாலு விரல் உயரத்துக்குக் கடும் சிவப்பாக இருக்கிறது. ஈரம் துணியில் மேலே ஏறுமே, அது. அதற்கும் மேலே வெளிறிய சிவப்பு, காய்ந்த துணி.

கைகளைப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் எவரும் கையைத் தொங்கவிட மாட்டார்கள். முழங்கையைத் தூக்கி, உள்ளங்கையைத் தண்ணீர் மேல் வைத்துக்கொள்வார்கள், சோற்றுப் பானையின் சூட்டைப் பார்க்கிறவர்கள் மாதிரி. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, உடம்பு தானாகச் செய்வது. தொப்புள் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் காலில் விழும் பாரம் கிட்டத்தட்ட அரைவாசியாகக் குறைந்துவிடும். கடல் தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிடக் கனமானது, ஒரு கன மீற்றர் 1,025 கிலோகிராம் அளவில் இருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் தூக்கும். நிலத்தில் கால் முழுதாக ஊன்றாத அந்த நிலையில் கைகள்தான் சமநிலை பார்க்கும். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு இடது கை சற்று உயர்ந்திருக்கிறது, இடுப்பு வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்த அலை எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கேட்டால் என்னிடம் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும்.

தண்ணீர்க் கோட்டுக்கு வருகிறேன். அவர் அதை ஒரே கோடாக இழுக்கவில்லை. அலை பட்ட வலது பக்கம் மட்டம் ஏறியிருக்கிறது, அங்கே ஓரம் கூர்மை. இடது பக்கம் வண்ணம் காயும் முன் வெறும் ஈரத் தூரிகையால் தடவிக் கரைத்துவிட்டிருக்கிறார், துணி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எண்ணெய் வண்ணத்தில் தவறினால் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம். நீர்வண்ணத்தில் கரைய வேண்டிய நேரத்தில் கரைக்காவிட்டால் அந்த ஓரம் அப்படியே காய்ந்துவிடும்.

இன்னொன்று, இதைக் கவனிக்க எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது. கொழும்புக் கடல் மேற்கே பார்த்தது. பின்னேரம் கரையில் நின்று பார்த்தால் சூரியன் ஆளுக்கு அப்பால், தண்ணீர் முழுக்க வெளிச்சம் மின்னும், உள்ளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆளின் உடம்பு வானத்தின் பிரதிபலிப்பை மறைக்கும் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் மினுக்கம் இருக்காது, அங்கே தண்ணீருக்குள் பார்க்கலாம். இந்தப் படத்தில் பெண்ணுக்கு இப்பால், அதாவது எங்கள் பக்கம், அந்த இருண்ட திட்டு இருக்கிறது. அதற்குள் துடையின் நிழல் பழுப்பாக, சற்று விலகி, குட்டையாகத் தெரிகிறது. ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் நேர் மேலிருந்து பார்த்தால்கூட நாலடி ஆழம் மூன்றடி போலத்தான் தெரியும். தடாகத்தின் ஆழத்தைக் கண்ணால் அளந்து குதிக்கும் பிள்ளைகளிடம் நான் கத்துவது இதற்காகத்தான். பாடமாக்கி வரைந்தாரா, பார்த்துப் பார்த்து வந்ததா என்று அவரிடம் கேட்டேன். "மிஸ், நான் கல்கிசைக் கரையிலே இருந்து பார்க்கிறதுதான், வேறு ஒன்றும் தெரியாது" என்றார், சிங்களமும் தமிழும் கலந்து.

கடலின் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்க வந்த இன்னொருவர் என் முன்னாலேயே "கடல் ஊத்தையாக இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். கடல் அப்படித்தான் இருக்கும். மழை பெய்தால் களனி கங்கையின் மண் முகத்துவாரத்தால் வந்து கலக்கும், வெள்ளவத்தைக் கால்வாய் தன் பங்கைக் கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அலை அடியிலிருந்து மணலைக் கிளப்பும். தபால் அட்டை நீலத்தைத் தேடுகிறவர்கள் ஏப்ரலுக்குப் பிறகு கிழக்கே திருகோணமலைப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். இவர் சாம்பல் கலந்த பச்சையைப் போட்டு, அதில் ஒரு தேயிலைச் சாயப் பழுப்பை ஓடவிட்டிருக்கிறார். தூரத்தில் மட்டும் அல்ட்ராமரீன் நீலம். அந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு, அதன் துகள்கள் கடதாசியின் பள்ளங்களில் போய்ப் படிந்து பொடிப் பொடியாக நிற்கும். தூரக் கடலின் சொரசொரப்பை அந்தத் துகள்களே செய்துவிட்டன, அவர் தூரிகையால் ஒன்றும் செய்யவில்லை. மினுக்கம் எல்லாம் வெள்ளை வண்ணமல்ல, வண்ணம் தொடாமல் விட்ட கடதாசி.

எல்லா இடத்திலும் அல்ல. வலது மேல் மூலையில் ஒரு அலையின் நுரைக்குக் கட்டி வெள்ளையைப் பூசியிருக்கிறார். அது படத்தில் சுண்ணாம்பு மாதிரி நிற்கிறது. எதற்காகப் போட்டார் என்று விளங்கவில்லை, வெறுமனே விட்டிருந்தால் போதும். அந்த அலைக்குக் கீழே மூன்று நிறத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சேறாக்கியும் இருக்கிறார். தொடுவானம் இடமிருந்து வலம் ஒரு நூல் சரிந்திருக்கிறது. இதையெல்லாம் மன்னிக்கலாம். கையெழுத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. கீழே இடது மூலையில், தண்ணீருக்கு நடுவே, கறுப்பில், கடைப் பலகை அளவுக்கு. பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையால் பாதியை மறைத்துவிட்டேன். அவர் பார்த்தால் கோபிப்பார்.

பெண்ணுக்கு முகம் இல்லாததும் குறை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்த அன்றே, "இஞ்சேரும், இவ்வளவு காசு குடுத்து முதுகையா வாங்கினனீர்?" என்று கேட்டார். எனக்கு முதுகு போதும். வகுப்பில் புதிதாக வந்தவளின் பயத்தை நான் முகத்தில் பார்ப்பதில்லை, முகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இவளுடைய தோள் ஒன்று இறங்கிவிட்டது, மற்றது இன்னும் யோசிக்கிறது. அதை வரையத் தெரிந்தவர் முகத்தையும் வரைந்திருப்பார், வேண்டாம் என்று விட்டிருக்கிறார். அவரே சொன்னார், திரும்பி நிற்கிற ஆட்களின் படம் விற்பது கஷ்டம் என்று.

இடத்தைப் பற்றி. கிரீன் பாத் என்று நாங்கள் இன்னும் சொல்லும் வீதியின் பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. 1877இல் கொழும்பில் பிறந்து, இந்தியாவினதும் இலங்கையினதும் கலையைப் பற்றி உலகத்துக்கு எழுதிய தமிழரின் பெயர். ஓட்டோக்காரருக்குக் குமாரசுவாமி என்றால் தெரியாது, கிரீன் பாத் என்றால் கொண்டுபோய் இறக்குவார். விகாரமகாதேவி பூங்காப் பக்கத்து நடைபாதையில் சாதாரண நாட்களிலேயே படங்கள் தொங்கும். ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரில் உள்ள ஜோர்ஜ் கீற் பவுண்டேஷன் 1993இல் தொடங்கிய கலா பொல என்ற ஓவியச் சந்தை ஆண்டுக்கு ஒரு நாள் அங்கேதான் நடக்கிறது. அன்றைக்கு ஓவியர்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள், பார்க்க நல்ல நாள். வாங்க எனக்குச் சாதாரண நாள்தான் பிடிக்கும். ஓவியருக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இடம் இருக்கும்.

எடுத்துப் பார்ப்பது முக்கியம். நடைபாதையில் கைப்பட வரைந்தவற்றோடு அச்சுப் பிரதிகளும் கலந்து தொங்கும், தூரத்தில் வித்தியாசம் தெரியாது. கைபேசிக் கமெராவைக் கிட்டப் பிடித்துப் பெருப்பித்துப் பாருங்கள். அச்சு என்றால் சின்னச் சின்ன மைப் புள்ளிகள் தெரியும். கைவேலை என்றால் துகள்கள் கடதாசியின் பள்ளத்தில் ஒழுங்கில்லாமல் படிந்திருக்கும், ஈரம் நின்று காய்ந்த இடங்களில் கரைக்கோடு தெரியும். பிறகு கடதாசி. என்னுடையது சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள பருத்திக் கடதாசி, ஓரத்தில் தொட்டாலே தடிப்புத் தெரியும். மரக்கூழ்க் கடதாசியில் வரைந்தவை மலிவு, ஆனால் நாளாக நாளாக மஞ்சளாகும். சிவப்பு என்ன சிவப்பு என்றும் கேளுங்கள். பழைய அலிசரின் கிரிம்சன் வெயிலில் வெளிறிப் போகும் நிறம், இது ஊரறிந்த விஷயம். இவர் போட்டது எளிதில் வெளிறாத குவினக்ரிடோன் வகைச் சிவப்பு, குழாயையே எடுத்துக் காட்டினார். கேட்டதற்குக் கோபிக்காமல் காட்டிய விற்பனையாளரை நான் மதிப்பேன். பொதி செய்ததுதான் பரிதாபம்: இரண்டு பழைய கலண்டர் அட்டைக்கு நடுவே வைத்து, மேலே ஒரு ஷொப்பிங் பை. மழை வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். நீங்கள் போவதென்றால் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு உறை கொண்டு போங்கள்.

இனி பிரேம் கதை. வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். மவுண்ட் வைத்து, கண்ணாடி படத்தில் முட்டாமல் செய்யச் சொல்லி, துண்டில் எழுதியும் கொடுத்தேன். வந்து பார்த்தால் மவுண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கண்ணாடி நேரே படத்தின் மேல், பின்னால் ஹார்ட்போர்ட், சுற்றிவரப் பொதி ஒட்டும் டேப். "இப்பிடித்தான் அக்கா எல்லாருக்கும் செய்யிறது" என்றார் தம்பி. எல்லோரும் கல்யாணப் படம் கொண்டு வருகிறார்கள் போலும். திருத்தித் தா என்றேன், அடுத்த கிழமை என்றார், அடுத்த கிழமை மழை தொடங்கியது. கண்ணாடிக்கு உள்ளே ஈர மூட்டம் கட்டி, வானத்துப் பக்கம் இரண்டு மூன்று பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.

எங்கள் வீடு கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு மிகக் கிட்ட. யன்னல் கம்பி துருப்பிடிக்கும், பூட்டுத் துருப்பிடிக்கும், உப்புப் போத்தலில் உப்புத் தண்ணீராகும். காற்றில் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேலே நீடித்தால் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், கொழும்பில் அது வருடம் முழுக்க உள்ள நிலைமை. நல்ல நீர்வண்ணக் கடதாசி பலவற்றில் ஜெலட்டின் சேர்த்திருப்பார்கள், பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. கண்ணாடியும் கடதாசியும் ஒட்டியிருந்தால் நடுவில் வரும் ஈரத்துக்குப் போக வழியில்லை. இதெல்லாம் பிரேம் போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், வாங்கினவள் எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயமல்ல.

கழற்றி வேறிடத்தில் கொடுத்தேன். அமிலமில்லாத மவுண்ட் அட்டை, படத்தை அட்டையில் முழுதாக ஒட்டாமல் மேல் விளிம்பில் இரண்டு கடதாசிப் பட்டியால் தொங்கவிட்டது, பின்னால் தடுப்புத் தாள், சுவரில் முட்டாதபடி கீழ் மூலைகளில் இரண்டு றப்பர்க் குமிழ். 7,500 ரூபாய். புள்ளிகள் போகவில்லை. மேகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்தவர்கள் காகம் என்று நினைக்கிறார்கள், நான் திருத்துவதில்லை. மாட்டியது குளியலறைச் சுவரிலும் அல்ல, வெளிச்சுவரிலும் அல்ல, பின்னேர வெயில் விழாத நடைச் சுவரில்.

இந்த விலைக்கு வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பிரேமோடு 23,500. அந்தக் காசுக்குப் பெரிய கன்வஸில் அச்சடித்த சூரிய அஸ்தமனம் வரும், சோபாவுக்கு மேலே நிறைவாக இருக்கும். அது வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள். வாங்கும் முன் கண் பழக வேண்டும் என்றால் பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேஷனுக்குப் போய் வாருங்கள். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு, 1943இல் தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படங்கள் சுவர் சுவராக இருக்கின்றன. அந்தக் குழுவில் ஐவன் பீரிஸ் தெஹிவளையில் பிறந்தவர், இங்கிலாந்தில் போயிருந்துகொண்டும் இந்தக் கரையையே நினைவிலிருந்து வரைந்தவர். அவருடைய ஆட்கள் கரையில் அசையாமல் நிற்பார்கள், தண்ணீரில் இறங்கித் தத்தளிக்க மாட்டார்கள். தண்ணீருக்குள் வேலை செய்யும் உடம்பை நீர்வண்ணத்தில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்கர் வின்ஸ்லோ ஹோமர் பஹாமாஸில் வரைந்தவற்றை இணையத்தில் தேடிப் பாருங்கள். அவற்றைப் பார்த்த கண்ணோடு கிரீன் பாத்துக்கு வந்தால் உங்கள் பேரம் பேசும் குரலே மாறும்.

போன மாதம் அவரிடம் திரும்பப் போனேன். மல்லாந்து மிதக்கும் பிள்ளை ஒன்று வரைந்து தர முடியுமா என்று கேட்டேன், காது தண்ணீருக்குள், வயிறு மேலே, கண் திறந்து. எங்கள் தடாகத்துக்கு வந்து பார்க்கலாம் என்றும் சொன்னேன். தடாகம் வேண்டாம் என்றார். "அந்தத் தண்ணியிலே அசைவு இல்லை மிஸ், கடல் அடங்கட்டும், பார்த்து வரைகிறேன்." அதற்கு நவம்பர் ஆகும். முற்பணம் 5,000 கேட்டார், கொடுத்துவிட்டேன். கையெழுத்தைச் சின்னதாகப் போடச் சொன்னேன். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.